சம்பந்தியின் இசைத்தட்டுகளும் எங்கள் வீட்டு மைக்கும்

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் இருவரும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் மகளும் நம் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும் என்றும், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அதே நலத்தோடு நீடிக்க வேண்டும் என்றும் மனதார வேண்டிக்கொள்கிறேன். இதைத் தாங்கள் உட்கார்ந்துகொண்டு படிப்பது நல்லது. கிளினிக்கில் இருந்தால், எதிர் நாற்காலியில் யாராவது வாயைத் திறந்துகொண்டிருந்தால், அவரை முதலில் நல்லபடியாக முடித்து அனுப்பிவிட்டுப் படிக்கவும்.

விஷயம் இதுதான். தங்கள் இசைத்தட்டுகளை நான் கணினியில் ஏற்றி, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேனே, அதைத் தயவுசெய்து தாங்கள் கேட்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கள் பல் மருத்துவர் சங்கத்து நண்பர்களை வீட்டுக்கு வரவழைத்து, பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டப் போகிறீர்கள் என்று மகள் சொன்ன நிமிஷத்திலிருந்து நான் காலண்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். பிரசவத்துக்கு வந்த மகள் இங்கே இருந்தபோது, பேத்தியைப் பார்க்க வந்த தாங்கள், "தட்டெல்லாம் வளைஞ்சுக்கிட்டே போகுது சம்பந்தி, கடையில குடுத்து மாத்தலாம்னா கீறிடுவானோன்னு பயமா இருக்கு" என்று வருத்தப்பட்டீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் மின்வாரியத்தில் மீட்டர் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன் முன்னால் இப்படி ஒரு பேச்சு வந்தால் அவன் எப்படிச் சும்மா இருப்பான்? "கடை எதுக்கு? ஒயர் வேலைன்னா எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து என் மனைவி இருமினாள். அந்த இருமலுக்கு ஓர் அர்த்தம் உண்டு என்பது கல்யாணமான புதிதிலேயே எனக்குத் தெரியும். அன்றைக்குத் தங்கள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்ததில் அது என் காதில் விழவில்லை.

இசைத்தட்டுகளும் ரெக்கார்டு பிளேயருமாகத் தங்கள் பெட்டி வந்து சேர்ந்ததும் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, சமையலறையில் சாப்பாட்டுத் தட்டுகள் காயவைக்கும் ஸ்டாண்டில் செருகினேன். அளவெடுத்துச் செய்தாற்போல நின்றன. அதைப் பார்த்த என் மனைவி, "அப்ப இன்னைக்கு இதுலயே சாப்பிட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். பிறகு ரெக்கார்டு பிளேயரை எங்கே வைப்பது என்று ஒரு பிரச்சினை. ஹாலில் வைத்தால் யாராவது நடந்தாலே ஊசி துள்ளிக் குதிக்கிறது. இஸ்திரி மேஜையில் வைத்தால் மேஜையே தள்ளாடுகிறது. கடைசியில் மகளும் குழந்தையும் படுத்திருந்த அறையில்தான் ஆடாத மேஜை இருந்தது. அங்கே வைத்து, பக்கத்தில் லேப்டாப்பை வைத்து, ஒயரை இழுத்துச் செருகினேன். திரையில் ஒரு பச்சைக் கோடு பாட்டுக்குத் தகுந்தபடி எழும்பி எழும்பி இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மனைவி தும்மினாள், கோடு எகிறியது. "பார்த்தியா, உன் தும்மலுக்கு ஊசியே அதிருது" என்று அவளைத்தான் கண்டித்தேன். குழந்தை சிணுங்கியது, கோடு எகிறியது. கதவு கிறீச்சிட்டது, கோடு எகிறியது. ஊரில் உள்ள மீட்டரெல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவனுக்கு, தன் கண் முன்னால் ஓடிய மீட்டர் எதை அளக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஒயர் செருக வேண்டிய துளையில் இல்லை, சம்பந்தி. அதற்கு அடுத்த துளையில் இருந்தது. பிளேயரிலிருந்து லேப்டாப்புக்குள் ஒரு ராகமும் போகவில்லை. லேப்டாப் தன் சொந்த மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, அறையில் கேட்டதையெல்லாம் பதிவு செய்திருக்கிறது. பாட்டும் அறையில்தானே கேட்டது, அதனால் பாட்டும் இருக்கிறது. கூடவே நாங்களும் இருக்கிறோம்.

இது எனக்கு எப்போது தெரிந்தது என்றால், மாப்பிள்ளை காரோடு வந்து மகளையும் குழந்தையையும் தங்கள் பெட்டியையும் பென் டிரைவையும் ஏற்றிக்கொண்டு போன பிறகு. வீடு வெறிச்சென்று இருக்கிறதே, ஒரு பாட்டுக் கேட்போம் என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் இருந்ததைப் போட்டேன். முதல் தட்டில் வயலின் அருமையாகத் தொடங்கி, மேலே ஏறப் போகும் இடத்தில் எங்கள் குக்கர் விசிலடித்தது. சுருதி சேர்ந்துதான் இருந்தது, சிரித்துக்கொண்டேன். அடுத்து தங்கள் தட்டு. கல்லூரியில் படிக்கும்போது போட்டியில் ஜெயித்ததற்காகத் தங்களைப் பாடவைத்துக் கல்லூரிக்காரர்களே பதிவு செய்து கொடுத்தார்களே, அந்த ஒற்றைத் தட்டு. தாங்கள் இரண்டு வரி பாடினீர்கள். மூன்றாவது வரியில் என் மனைவியின் குரல், மணி அடித்தாற்போல:

"யாருங்க இது, தொண்டையில மீன் முள்ளு மாட்டின மாதிரி?"

"ஸ்ஸ்! சம்பந்தி."

"அட! இவர் பல்லு புடுங்கறப்பவும் பாடுவாராமே? வாயைப் பொளந்துக்கிட்டுப் படுத்திருக்கறவன் வேணாம்னு எப்படிச் சொல்லுவான்?"

இதைத் தொடர்ந்து ஓர் ஆண் நெடுநேரம் சிரிக்கிறார். அது யார் என்று தாங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டில் வேறு ஆண் கிடையாது.

இதோடு போயிருந்தால் நான் தங்கள் காலில் விழுந்து முடித்திருப்பேன். அடுத்து எங்கள் மகள் பேசுகிறாள். "மாமா பாடினாக்கூடப் பரவாயில்லம்மா. அத்தைக்குக் கோவம் வந்தா வாயே திறக்க மாட்டாங்க, பாத்திரம்தான் பேசும். மூடி விழற சத்தத்தை வெச்சே இன்னைக்கு யார் மேலன்னு நான் சொல்லிடுவேன்" என்கிறாள். அதோடு நிறுத்தவில்லை. பிரசவத்துக்கு முந்தி அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது சம்பந்தி அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டதையும், பெற்றவள்கூட அப்படிச் செய்ய மாட்டாள் என்பதையும் கண் கலங்கச் சொன்னாள். நான் அங்கேதான் இருந்தேன், சத்தியம். ஆனால் அவள் அதைச் சொல்ல ஆரம்பித்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் சுவரைத் துளைக்கும் மிஷினை ஓட்டிவிட்டார்கள். திட்டு பளிச்சென்று இருக்கிறது. பாராட்டு முழுக்க டர்ர்ர் என்றுதான் கேட்கிறது.

உடனே தங்களுக்கு ஃபோன் செய்தேன். தாங்கள் கிளினிக்கில். வீட்டு எண்ணுக்குச் செய்தேன். சம்பந்தி அம்மா எடுத்து, "சொல்லுங்கண்ணா" என்றார். அந்த நேரத்தில் அவர் பின்னால் எதுவோ தணார் என்று விழுந்தது. எனக்கு நாக்கு குழறிவிட்டது. "ஒண்ணுமில்லம்மா, எல்லாரும் பாத்திரமா இருக்கீங்களான்னு... பத்திரமா இருக்கீங்களான்னு கேக்கத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்னும் அவர் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்.

பிறகு மகளைக் கூப்பிட்டேன். "மாமா அதை அலமாரியில வெச்சுப் பூட்டிட்டாருப்பா. ஞாயித்துக்கிழமைதான் வெளிய எடுக்கணும்னு கண்டிஷனா சொல்லிட்டாரு" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். மெதுவாக, "நான் பேசினதும் அதுல இருக்காப்பா?" என்று கேட்டாள். நான் ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். "உங்களுக்கு மீட்டரே போதுமேப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள். சம்பந்தி, நான் எத்தனையோ வீடுகளில் ஃபியூஸைப் பிடுங்கியிருக்கிறேன், வாங்காத திட்டில்லை. எதுவும் இப்படிச் சுட்டதில்லை. நாங்கள் பேசியதைத் தாங்கள் கேட்டால் எனக்கு வெட்கம், அவ்வளவுதான், துடைத்துப் போட்டுவிடுவேன். ஆனால் அவள் தங்கள் வீட்டில் நாளைக்கும் எழுந்து சமையலறைக்குள் போக வேண்டியவள். பிறந்த வீட்டுக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, குழந்தையைத் தட்டிக்கொண்டே, மனசில் பட்டதை அம்மாவிடம் சொன்னாள். அதைப் போய் ஸ்பீக்கரில் கேட்க வேண்டுமா?

ஆகவே தாங்கள் பெரிய மனசு பண்ணி, பென் டிரைவை அப்படியே எனக்குத் திருப்பி அனுப்பிவிடவும். பெட்டியையும் அனுப்பினால், இந்த முறை வீட்டில் இருப்பவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, சரியான துளையில் செருகி, நானும் வாயில் துணி வைத்துக்கொண்டு ஏற்றித் தருகிறேன். மேலே எழுதிய வாசகங்களைச் சம்பந்தி அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டாம். அவர் கேட்டால், மின்கட்டணம் பற்றிய கடிதம் என்று சொல்லிவிடவும்.

பேத்திக்கு முத்தங்கள். மாப்பிள்ளைக்கு ஆசிகள். மகளுக்குத் தைரியம். சம்பந்தி அம்மாவுக்கு இங்கிருந்தே ஒரு கும்பிடு. என் கடைவாய்ப் பல் ஒன்று தங்கள் கையை நம்பித்தான் ஆடிக்கொண்டிருக்கிறது என்பதையும் நினைவில் வைத்து, என்னை மன்னித்தருளவும்.

இப்படிக்கு,
தங்கள் முகத்தில் விழிக்கத் தகுதியற்ற,
ஆனால் வேறு வழியில்லாத,
சம்பந்தி

பின்குறிப்பு: அண்ணா, வணக்கம். இது நான், அவர் சம்சாரம். கவரை ஒட்டி வைக்கச் சொல்லிட்டு இவர் குளிக்கப் போயிருக்கார். ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிக்காம இருக்க முடியுமா? படிச்சேன். நேத்து இவர் பேன்ட்டைத் துவைக்க எடுத்தப்ப பாக்கெட்டில் ஒரு பென் டிரைவ் இருந்துச்சு. இப்ப லேப்டாப்பில் செருகிப் பார்த்தா நான்தான் பேசிக்கிட்டிருக்கேன். அப்படின்னா நீங்க பூட்டி வெச்சிருக்கறது இன்னொண்ணு. வீட்டில இருந்தது ரெண்டே ரெண்டுதான், அதனால அதுல எங்க குளியலறைச் சுவர் ஒழுகறதை இவர் எடுத்த போட்டோதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை டாக்டருங்க முன்னாடி அதைப் போட்டுடாதீங்க. ஆக, நாங்க பேசினது எதுவும் உங்க காதுக்கு வரவே இல்லை. இவர் எழுதினதாலதான் வந்திருக்கு. கிழிச்சுப் போட்டுடலாம்னு கையிலயும் எடுத்துட்டேன்.

அப்புறம்தான் தோணிச்சு. இவர் மத்தியானம் தூங்கறவர், இவருக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. கொழந்தை இங்க இருந்தப்ப எந்தத் தட்டைப் போட்டாலும் அழுதது. உங்க பாட்டைப் போட்டாத்தான் கண்ணை மூடும். முள்ளு மாட்டின தொண்டைன்னு சொன்ன நானே எழுந்து போய் எழுந்து போய் அதே தட்டுல ஊசியை வெச்சேன். சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா கொழந்தை தூங்கினதும் நெசம். அங்க போனதுல இருந்து அது தூங்கவே மாட்டேங்குதுன்னு பொண்ணு அழறா. உங்களைப் பாடச் சொல்லிக் கேக்க அவளுக்குக் கூச்சம். நான் கேக்கறேன். டிரைவும் வேணாம், ஸ்பீக்கரும் வேணாம், பக்கத்துல உக்காந்து நீங்களே பாடுங்க. அதுக்கு இன்னும் ஒரு பல்லுகூட முளைக்கலை, உங்களைக் கண்டா பயப்படாது. அண்ணிகிட்ட இதை ஒளிக்க வேணாம், முழுசாப் படிச்சுக் காட்டுங்க. பாத்திரம் எங்க வீட்டிலயும் பேசும்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க. தண்ணிச் சத்தம் நின்னுடுச்சு, கவரை ஒட்டறேன்.