சூடு ஆறாத பிரேக்

கார் நின்ற பிறகும் முன்சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"என்னமோ கருகுதுங்க," என்றாள் மனைவி, மடக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே.

"கருகல. சூடாகியிருக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு," என்றார் மாஸ்டர், கையுறையைக் கழற்றியபடி.

"நான் அடுப்புல வச்சா கருகிடுச்சும்பீங்க. நீங்க வச்சா மட்டும் சூடாகியிருக்கா?"

மாஸ்டர் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேர் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். பக்கத்து இருக்கையில் அமர்ந்து, தனக்கென்று பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து அந்தப் பாதி ஊரையும் மீதி ஊரையும் ஒன்றோடொன்று மோதாமல் காப்பாற்றி வருபவர். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து படம் பார்த்தாலும் விடமாட்டார். திரையில் கார் வேகமெடுத்தால் இவர் கால் தரையை அழுத்தும். கம்பளத்தில் அந்த இடம் மட்டும் தேய்ந்து நூலாகிவிட்டது.

அப்படிப்பட்டவருக்கு ஒரு ஆசை வந்தது. தானே ஓட்டவேண்டும், வேகமாக ஓட்டவேண்டும். "நாலு கதவு இருக்கு, குடும்பத்துக்கு ஏத்தது" என்று சொல்லி ஒரு ஸ்போர்ட்ஸ் செடானை வாங்கிவிட்டார். கிளட்ச் இல்லாத வண்டி. மாதம் ஒரு நாள் பந்தயத் தடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். சொந்தக் காரைக் கொண்டுபோய் ஆசை தீரச் சுற்றலாம். போன இரண்டு மாதமும் மாஸ்டர் சுற்றினார். இரண்டு மாதமும் புகையோடுதான் திரும்பினார்.

"இங்க பாருங்க," என்றாள் மனைவி. "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு தடவையாவது புகையில்லாம வந்து நில்லுங்க. கார் நம்ம வீட்லயே இருக்கட்டும். இல்லேன்னா பல் டாக்டரம்மா வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க, குடுத்துடலாம். பிரேக் நிக்குமா நிக்காதான்னு தெரியாத கார்ல உங்கள அனுப்பிட்டு வயித்துல நெருப்பைக் கட்டிட்டு உக்கார என்னால முடியாது."

"அந்தம்மாவுக்கா? எங்கிட்டதான் படிக்கிறாங்க. இன்னும் ரிவர்ஸே வரல."

"சொன்னதைச் சொன்னபடி செய்றாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதான் தொல்லையே. முன்னாடி போற வண்டியோட பின்விளக்கை மட்டும் பாருங்கன்னு முதல் நாள் சொல்லிட்டேன். அதுலேர்ந்து வேற எதையும் பாக்கறதில்ல. நேத்து ஒரு லாரி பின்னாலயே போயி மரக்கடைக்குள்ள நுழைஞ்சிட்டாங்க."

மனைவியின் தம்பி சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். டயர் கடை வைத்திருப்பவன்; மாமாவுக்காகக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான்.

"காத்து போகல மாமா. அதான் விஷயம். பிரேக் டிஸ்குக்குப் பின்னாடி ஒரு தகரத் தட்டு இருக்கு பாருங்க, அது காத்தை மறைக்குது. கழட்டிடலாம்."

"கழட்டு. நானும் அதைத்தான் நெனச்சேன்," என்றார் மாஸ்டர். அப்படி ஒரு தட்டு இருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரியும்.

கழற்றினார்கள். மாஸ்டர் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். தட்டு இருந்த இடத்தில் ஒரு கூழாங்கல் குடிபுகுந்து, கார் வருகிற வழியெல்லாம் கிறீச்சிட்டது. புகையும் குறையவில்லை.

"மொதல்ல புகை மட்டும்தான் இருந்துச்சு," என்றாள் மனைவி. "இப்பப் பாட்டும் சேந்திருக்கு."

மாஸ்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "என் பின்னாடி ஒருத்தன்கூட ஒட்டி வரல, கவனிச்சியா? நூறடி தள்ளித்தான் வர்றானுங்க. ஓட்டறது யாருன்னு தெரிஞ்சிருக்கு."

"ஒருத்தர் விடாம ஹாரன் அடிச்சாரே?"

"மரியாதை."

மச்சினன் கல்லை எடுத்து எறிந்துவிட்டு யோசித்தான். "வெறும் காத்து பத்தாது மாமா. முன்பக்க பம்பர்லேர்ந்து ஒரு குழாய் வச்சு, காத்தை நேரா டிஸ்க் மேலயே அடிக்க விடணும். பந்தயக்காரங்கள்லாம் அப்படித்தான் செய்றாங்க."

மாஸ்டர் கர்வத்தோடு டிக்கியைத் திறந்தார். நீளமாக, சாம்பல் நிறத்தில், வளைவு வளைவாக ஒரு குழாய் வெளியே வந்தது.

மனைவி இப்போது எழுந்தே விட்டாள். "இது நம்ம வீட்டு வாக்குவம் கிளீனர் குழாய் மாதிரி இருக்கே?"

"மாதிரியெல்லாம் இல்லக்கா," என்றான் தம்பி. "அதேதான்."

குழாயை இரண்டாக வெட்டி, பக்கத்துக்கு ஒன்றாகக் கம்பியால் கட்டினார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. முதல் வளைவில் சக்கரம் திரும்பியதும் ஒரு பக்கத்துக் குழாயை டயர் கடித்து இழுத்துவிட்டது. இன்னொன்று டிஸ்கின்மேல் படுத்து உருகியது. வெள்ளையாக வந்துகொண்டிருந்த புகை கறுப்பாக வந்தது.

"வீட்டைப் பெருக்கறது இனிமே யாரு?" என்று கேட்டாள் மனைவி.

மாஸ்டர் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினார்.

"ஐயோ மாமா, தண்ணி வேணாம். பழுக்கக் காஞ்ச இரும்பு, கோணிக்கும்," என்று மச்சினன் சொல்லி முடிப்பதற்குள் சொய்யென்று நீராவி எழுந்து மூன்று பேரையும் மறைத்தது.

"பாத்தியா, ஆறிடுச்சு," என்றது நீராவிக்குள்ளிருந்து மாஸ்டரின் குரல்.

ஆறியது உண்மைதான். ஆனால் அடுத்த சுற்றில் ஸ்டியரிங் அவரைப் பிடித்து உலுக்கியது. மூக்குக் கண்ணாடி தாடைக்கு வந்துவிட்டது. ஒரு வழியாகத் திரும்பி வந்து நிறுத்தியவர், பத்திரத்துக்கு இருக்கட்டும் என்று ஹேண்ட்பிரேக்கையும் பலமாக இழுத்துவிட்டார். சூட்டோடு சூடாகப் பின்சக்கர பிரேக் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தும் புகை கிளம்பியது. இப்போது நான்கு சக்கரத்துக்கும் வஞ்சனை இல்லை.

"பல்லெல்லாம் ஆடுதுடா," என்றார் தாடையைப் பிடித்துக்கொண்டு.

"நல்லதாப் போச்சு," என்றாள் மனைவி. "டாக்டரம்மா வந்துட்டாங்க."

பல் டாக்டர் நிதானமாக நடந்து வந்தார். பெரிய கைப்பை, தட்டையான செருப்பு, யாரையும் வாய் திறக்கவைக்கும் புன்னகை.

"வணக்கம் சார். கார் நல்லா இருக்கு. நான் எங்க நின்னு பாக்கட்டும்?"

"எங்க வேணா நில்லுங்க," என்றார் மாஸ்டர் சுரத்தில்லாமல்.

டாக்டர் நேர்ச்சாலையின் வேலியோரம் போய் நின்றார். அங்கிருந்து தடம் முழுவதும் தெரியும்.

மச்சினன் மாமாவைத் தனியாக இழுத்துப் போனான். "இதான் கடைசி வாய்ப்பு மாமா. வேகமே வேணாம். ஊர்வலம் மாதிரி போங்க. பிரேக்கையே தொடாதீங்க. ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தா வண்டி தானா அடங்கும். தொடாத பிரேக் எப்படிச் சூடாகும்?"

மாஸ்டருக்குத் தெம்பு திரும்பிவிட்டது. "இவ்வளவு நேரம் இதை ஏன்டா சொல்லல? பொறுமைன்னா என்னன்னு நான் காட்டறேன்."

காட்டினார். குழந்தைக்கு இருக்கை கட்டிய குடும்பக் கார் ஒன்றுகூட அவரை ஒதுங்கித் தாண்டிப் போயிற்று. மாஸ்டர் அதற்கும் கையசைத்து வழிவிட்டார். சுற்றி முடித்து, கரையில் படகை அணைப்பதுபோலக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

மூன்று பேரும் சக்கரத்தைப் பார்த்தார்கள். மெல்லிய நூலாக முதலில் ஒரு புகை வந்தது. பிறகு தடிமனாக வந்தது.

"தொட்டீங்களா மாமா?"

"சத்தியமா இல்லடா. என் வலது கால் அந்தப் பக்கமே போகல."

"தொடாமலா புகையுது?" என்றாள் மனைவி. அவள் குரலில் கேலி போய்விட்டது. "போதுங்க. குடுத்துடலாம்."

மாஸ்டர் அப்போதும் விடவில்லை. வாங்க வந்தவரே வேண்டாமென்று போய்விட்டால்? வேலியிலிருந்து திரும்பி வந்த டாக்டரிடம் நேராகப் போனார்.

"டாக்டரம்மா, என் மாணவிங்கிறதால சொல்றேன். இந்தக் காரை நம்பாதீங்க. பொறப்புலயே கோளாறு. மிதிக்காமலே காயுது. தகரத்தைக் கழட்டினோம், குழாய் வச்சோம், குளிப்பாட்டிப் பாத்தோம். இந்த பிரேக்கைக் குளிர வைக்க ஒருத்தராலயும் முடியாது."

"அப்ப நமக்கு மட்டும் எதுக்குங்க?" என்று கேட்டாள் மனைவி.

மாஸ்டரின் வாய் திறந்தது. பல் டாக்டர் முன்னால் திறந்த வாய் அப்படியே நின்றது.

டாக்டரின் கண் மட்டும் இன்னும் காரின் பின்புறத்திலேயே இருந்தது. அவர் மெதுவாகச் சொன்னார்:

"பிரேக் பாவம் சார், அது மேல தப்பே இல்ல, நீங்க சொல்லிக்குடுத்தபடி பின்விளக்கை மட்டும் பாத்துட்டு நின்னேன், கிளம்பினதுலேர்ந்து வந்து நிக்கற வரைக்கும் பிரேக்கை மிதிச்சா எரியற அந்தச் சிவப்பு ஒருதரம்கூட அணையல. காரை நான் எடுத்துக்கறேன், பாடம் நடக்கும்போது பக்கத்துல உக்காந்து என் வண்டியை நிறுத்துற அந்த இடது காலை மட்டும் நீங்களே வச்சுக்குங்க."