பாசியை மதிக்காத பாக்டீரியா

செய்கிற ஆராய்ச்சியை அப்பாவுக்கு நேரில் காட்டவே கூடாது. காட்டிப் பார்த்தவன் சொல்கிறேன்.

அனகாபுத்தூரில் எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால்வைத்த முதல் ஆள் நான். எம்.எஸ்சி. முடிகிற சமயம், வேலைக்குப் போகாமல் கடல் பாக்டீரியாவைப் பற்றி ஆராய பிஎச்.டி. சேரப்போகிறேன் என்றேன். ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா, "அந்தப் பூச்சி அப்டி இன்னாதான் பண்ணுதுன்னு காட்டு. அப்பால சொல்றேன்" என்றார். கல்லூரியில் கண்காட்சி வந்தது. அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கண்ணாடித் தகட்டில் கடல் பாக்டீரியா உள்ள ஒரு துளி. அதில் முடிபோன்ற இரண்டு குழாய்கள். ஒன்றில் பாசியின் சாறு, இன்னொன்றில் வெறும் கடல்நீர். மைக்ரோஸ்கோப்பில் தெரிவது திரையிலும் தெரியும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேடைத் தமிழில் ஆரம்பித்தேன்.

"பாசி கசியவிடும் சத்தை இது உணரும். கொஞ்சம் நீந்திப் பார்க்கும். சற்று முன்பைவிட வாசம் கூடினால் அதே பக்கம் போகும். குறைந்தால் திரும்பும். இப்போது பாருங்கள், எல்லாம் பாசியிடம்தான் போகும்!"

எல்லாம் வெறும் கடல்நீருக்குப் போயின. தள்ளுமுள்ளு. பாசிப் பக்கம் நாலைந்து சோம்பேறிகள் மட்டும்.

"இன்னாடா, ராங் ரூட்ல போவுது?" என்றார் அப்பா.

"அதுங்களுக்கு இன்னிக்கு மூடு சரியில்லப்பா." (இப்படியேதான் சொன்னேன். பின்னால் என் பேராசிரியை நின்றிருந்தார்.)

"கடல்தண்ணிய எதுல எடுத்துட்டு வந்தீங்க?" என்றார் அவர்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார். "எங்கூட்டு சத்துமாவு டப்பால மேடம். லேப் பாட்டில் மூடி ஒடஞ்சிருச்சாம். கழுவிட்டு ஊத்துடான்னேன். காலி டப்பாதானம்மான்னான்."

காது சுட்டது. டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த மாவு கரைந்து, என் 'வெறும் கடல்நீர்' கல்யாண விருந்தாகியிருந்தது.

பிஎச்.டி. அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் அப்பா திரையைவிட்டு நகரவில்லை.

"கண்ணு கெடயாது, மூக்கு கெடயாது. துளியூண்டு மாவு, அதுவும் கரைஞ்சு பூட்ச்சு. இத்த எப்டிடா கண்டுபுட்ச்சுது?"

"அதத்தாம்பா படிக்கணும்."

திரையை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தார். "செரி, படி. தெரிஞ்சதும் எனக்கு வந்து சொல்லு."

சேர்ந்துவிட்டேன். இன்றைக்கும் கல்யாணங்களில் மணமேடைப் பக்கம் போகாமல் நான் பந்திப் பக்கம் நடந்தால், அப்பா சொந்தக்காரர்கள் எதிரிலேயே குரல் கொடுப்பார்:

"வழி வுடுங்கபா! வாசம் கூடிக்கினே கீது, இனிமே திரும்ப மாட்டான்!"