ஒற்றைக் கை வணக்கம்

பொறுப்பு கைக்கு வந்ததும் மூளையை விடுப்பில் அனுப்பிவிடும் ஆட்கள் உண்டு. இருபத்தொரு வயதில் நான் அந்த வகையில் முதல் தரம்.

சிங்கப்பூரில் ஜப்பான்காரன் காலம். தேக்கா பக்கம் ஒரு சின்ன மருந்தகத்தில் பயிற்சித் தாதியாக இருந்தேன் (உயரம் நாலடி பத்து, வாய் ஆறடி). ஆப்பம் விற்கும் கமலம் அக்காவுக்கு நான்கு நாளாக வயிற்றுப்போக்கு. உடம்பில் தண்ணீரே இல்லை. டாக்டர் அரைமணி நேரம் தேடி ஒரு நரம்பைப் பிடித்து, இருந்த ஒரே சலைன் பாட்டிலை ஏற்றினார். பெரிய மருத்துவமனை போய்ச் சேரும்வரை அந்த ஊசி நின்றால்தான் அக்கா பிழைப்பாள். ஆம்புலன்ஸ் என்பது கீரை ஏற்றும் லாரி.

"கையைப் பலகையில கட்டியிருக்கேன், அவுத்துடாதே. பாட்டிலை உசரப் பிடி," என்றார் டாக்டர். எனக்குப் பாட்டில் மட்டும்தான் காதில் விழுந்தது.

லாரி கிளம்பியதும் அக்கா முனகினாள். "கட்டு இறுக்குது தங்கச்சி, வலிக்குது."

"நான் இருக்கேன்லக்கா!" அவிழ்த்துவிட்டேன். பிறகு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு, பந்தயத்தில் கோப்பை வென்றவள் மாதிரி நின்றேன்.

வழியில் காவல் சாவடி. ஜப்பான் சிப்பாய் கத்தினான். இடுப்பு வளையக் குனியாவிட்டால் அறை விழும். பாட்டிலைத் தாழ்த்தினாலோ ரத்தம் குழாயில் ஏறும். எனவே ஒரு கையை வானத்துக்கு நீட்டியபடியே குனிந்தேன். (தலை முழங்காலில், பாட்டில் உச்சியில்!) கேலி செய்கிறேன் என்று நினைத்து, பளாரென்று விட்டான். குழாய் ஒருமுறை சுண்டி இழுத்தது. காது இரைச்சலில் நான் கவனிக்கவில்லை. பாட்டில் மட்டும் இறங்கவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

சாவடி தாண்டித்தான் திரும்பிப் பார்த்தேன். ஸ்ட்ரெச்சரில் அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் தொடையில், தலை குனிந்தபடி. அரை மயக்கத்திலும் சிப்பாயின் கத்தல் கேட்டதும் உடம்பு தானாக எழுந்திருக்கிறது. ஊசி கழன்று தொங்கியது. நான் அவ்வளவு உயரத்தில் பிடித்திருந்த சலைன் லாரிப் பலகையை நனைத்துக்கொண்டிருந்தது.

"சரியாக் குனிஞ்சேனா தங்கச்சி? உன்னை அடிச்சிட்டானே..." என்றாள்.

மருத்துவமனையில் இரண்டு டாக்டர்கள் தேடியும் நரம்பு அகப்படவில்லை. சாயங்காலம் அக்கா போய்விட்டாள். மூன்று வயது மகள் செல்வியை நான்தான் வளர்த்தேன். (தகப்பன் ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோனவர், திரும்பவில்லை.) கட்டை அவிழ்த்த என் விரல்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இப்போது பிடோக் வீட்டில் விசேஷம் என்றால், "சின்னம்மா, அந்த வணக்கம் போடுங்கலா!" என்பாள் செல்வி. தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு குனிவேன். வீடே சிரிக்கும், அவள்தான் அதிகமாக. அம்மா அன்றைக்குச் சாயங்காலம் போனது அவளுக்குத் தெரியும். கட்டு விஷயம் தெரியாது. ஒவ்வொரு முறையும் கேட்பாள்:

"அதைப் பார்த்து எங்கம்மா சிரிச்சாங்களா?"

"வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிச்சாங்கடி," என்பேன்.