உட்கார மறுத்த டயர்

"கயிறை விடுங்க! துணியெல்லாம் மண்ணுல விழுது!"

மனைவி போட்ட கூச்சல் நூலகரின் காதில் ஏறவே இல்லை. அவிழ்க்கப் பொறுமையில்லாமல், கொடிக்கயிற்றின் ஒரு முனையை மட்டும் இழுத்து டயரைச் சுற்றிக் கட்டி, கட்டையைச் செருகி முறுக்கிக்கொண்டிருந்தார். முறுக்க முறுக்க, மறுபக்கம் காய்ந்த புடவைகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கின.

காருக்குப் புது டயர். அவரே வாங்கி, அவரே ரிம்மில் மாட்டியும்விட்டார். ஆனால் ட்யூப் இல்லாத டயருக்கு ஒரு வீம்பு உண்டு. அதன் இரண்டு ஓரங்களும் ரிம்மின் விளிம்பில் ஒட்டி உட்கார வேண்டும். உட்காரும்வரை, அடிக்கிற காற்றெல்லாம் சந்து வழியாக ஓடிவிடும். நடுவில் கயிற்றால் இறுக்கினால் ஓரங்கள் விரிந்து ஒட்டும் என்பது அவர் கணக்கு. வீம்பில் டயருக்கும் அவருக்கும் பத்துப் பொருத்தமும் இருந்தது.

"பேசாம எங்க அண்ணன் கடைக்கு உருட்டிட்டுப் போங்களேன். சாயங்காலம் பொண்ணு ஸ்டேஷன்ல வந்து நிப்பா."

"அந்தக் கடைப் படியை மிதிச்சா மீசையை எடுத்துடறேன்னு சொன்னவன் நான். ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த இடத்தில், "எங்க மாப்பிள்ளைக்குப் புத்தகம் கிழிஞ்சா ஒட்டத் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது" என்று டயர் கடை மச்சான் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அன்றோடு மச்சானுடன் பேச்சுவார்த்தை நின்றது. புருஷனுக்கும் அண்ணனுக்கும் நடுவில் அவள் பாடுதான் திண்டாட்டம்.

கயிறு படீரென்று அறுந்தது. கட்டை பறந்துபோய்ப் பூந்தொட்டியை உடைத்தது.

"சரி, சோப்புத் தண்ணி கொண்டா."

சோப்புத் தண்ணீரில் குளித்த டயர் உட்காரவில்லை. அவர் கையிலிருந்து வழுக்கி, வாசலைத் தாண்டி உருண்டு, எதிர்க்கடைத் தையல்காரரின் கதவில் போய் முட்டியது. கரண்ட் இல்லாமல் மெஷின் ஓடாததால் சும்மா இருந்த தையல்காரர், சக்கரத்தைத் திருப்பி உருட்டிக்கொண்டு வந்தார்.

"விட்டுடுங்க சார். மச்சான் கடைக்கே..."

"நீங்களுமா?" என்றார் நூலகர். "டயரா நானான்னு பார்த்துடறேன்!"

கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பதால்தானே காற்று ஓடுகிறது? மொத்தக் காற்றும் ஒரே மூச்சில் உள்ளே பாய்ந்தால்? நூலகத்தில் கழித்துக்கட்டிய பழைய தீயணைப்பு உருளை ஒன்று வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. சிவப்பு உடம்பில் வெள்ளை எழுத்தில் 'நூலகம்' என்று எழுதியிருந்தது. அதன் வாயில் தண்ணீர்த் தொட்டிக்கு வாங்கிய பெரிய வால்வைப் பொருத்தினார். வால்வின் முனையில் ஒரு குழாய். டயரின் சந்தில் நுழையும்படி அதன் நுனியைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கினார். காற்றடைக்கப் பழைய ட்யூபின் வால்வு.

கால் பம்பை எடுத்து மிதித்தார், மிதித்தார், மிதித்துக்கொண்டே இருந்தார். உருளையில் காற்றின் அளவைக் காட்டும் முள் சோம்பேறித்தனமாகக் கால்வாசிக்கு ஏறுவதற்குள் அவர் இடுப்பு பிடித்துக்கொண்டது. இருக்கிற காற்றே போதும் என்று குழாயைச் சந்தில் வைத்து வால்வைத் திருப்பினார். சோப்பு நுரை மொத்தமும் பக்கத்தில் நின்ற மனைவியின் முகத்துக்குப் போனது. டயர் அசையவில்லை.

"இதை மனுஷன் மிதிச்சு நிரப்ப முடியாது" என்று இடுப்பைப் பிடித்தபடி முனகினார். "கம்ப்ரசர் வேணும்."

"அது எங்க அண்ணன்கிட்டதான் இருக்கு" என்றாள் மனைவி, நுரைக்குள்ளிருந்து.

நூலகர் மீசையைத் தடவினார். "படியை நான் மிதிக்க மாட்டேன்னுதானே சொன்னேன்? உருளை மிதிக்கலாமே!"

உருளையைப் போர்வையில் சுற்றித் தையல்காரரின் ஸ்கூட்டரில் ஏற்றினார்கள்.

"யாரோடதுன்னு மூச்சு விடக்கூடாது."

போனவர் வரவில்லை. வெயில் இறங்கியது. ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று மனைவி முணுமுணுத்தபோதுதான் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. முள் உச்சியில் நின்றது.

"கடையில கூட்டமோ?"

"ஆ... ஆமா சார்" என்று தையல்காரர் பூந்தொட்டியைப் பார்த்தார்.

நூலகர் குழாயை டயரின் சந்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வால்வைத் திருப்பினார்.

டமார்!

தெருவில் இரண்டு சன்னல்கள் திறந்தன. ஆயுள் முழுக்க 'அமைதி காக்கவும்' பலகையின் கீழே உட்கார்ந்திருந்த மனிதருக்கு, அந்தச் சத்தம் காதில் தேனாகப் பாய்ந்தது.

"உட்கார்ந்துடுச்சு! உங்க அண்ணன் தயவில்லாம உட்கார்ந்துடுச்சு!"

தையல்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நூலகர் பம்பை அவர் காலடியில் வைத்துவிட்டதால், மிச்சக் காற்றை மிதிக்கத் தொடங்கினார்.

ஸ்டேஷனுக்கு நேர்வழி இருந்தும் நூலகர் டயர் கடை வழியாகவே காரை விட்டார். "வேண்டாங்க" என்றாள் மனைவி. வாசலில் நிறுத்தி, இறங்காமல், ஹாரனை அழுத்தி அழுத்தி அடித்தார். கடை இருட்டாக இருந்தது. வேலையாள் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"உங்க முதலாளியை வெளிய வரச் சொல்லுங்க! படியை மிதிக்காமலே ஜெயிச்சவன் வந்திருக்கேன்னு சொல்லுங்க!"

"அவரால எழுந்திரிக்க முடியாது சார்" என்றார் வேலையாள். "காலையிலேர்ந்து கரண்ட் இல்ல, கம்ப்ரசர் ஓடல, போர்வையை விலக்கி 'நூலகம்'னு எழுதியிருந்ததைப் பார்த்ததும், எங்க யாரையும் தொட விடாம கால் பம்பால மிதிச்சே முழுசா நிரப்பிட்டு, இடுப்பு பிடிச்சு உள்ள குப்புறப் படுத்துக்கிட்டு, 'எங்க மாப்பிள்ளை டயர் உட்கார்ந்துச்சா, உட்கார்ந்துச்சா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."