அர்த்தம் அனுமதிக்கப்படாத அரங்கம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. அப்புறம் சக்கரம். அதற்குப் பிறகு உருப்படியாக நடந்த ஒரே காரியம், என் தாய்மாமா இந்த நகரத்தில் உலக இசை கிளப் திறந்ததுதான். அவருடைய அக்கா மகன் என்பதால் இதைச் சொல்லவில்லை. கிளப்பின் ‘கலாச்சார ஒருங்கிணைப்பாளர்’ என்ற பொறுப்பில் இருந்து சொல்கிறேன். பொறுப்பு எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், அக்கா மகன் என்பதால்தான்.

மற்ற கிளப்களில் ஜனங்கள் தெரிந்த பாட்டுக்கு ஆடுகிறார்கள். அற்பர்கள்! எங்கள் கிளப்பில் யாருக்கும் எதுவும் புரியாது. புரியவே கூடாது என்பதுதான் கொள்கை. வாசலில் பித்தளைப் பலகையே உண்டு: ‘அர்த்தம் கேட்பவர்கள் அரங்கின் மாண்புக்குப் பங்கம் விளைவிப்பவர்களாகக் கருதப்படுவர்.’ ஒரு அப்பாவி, பக்கத்து நாற்காலிக்காரரிடம் “இது எதப் பத்தின பாட்டுங்க?” என்று கேட்டுத் தொலைத்தார். அவருடைய உறுப்பினர் அட்டையை மாமாவே கத்திரிக்கோலால் நறுக்கினார். பார்க்கவே சிலிர்த்தது.

போன வாரம் டாக்டர்கள் சங்கத்துக்காகத் தனி நிகழ்ச்சி. மறுநாள் ஆபரேஷன் இருக்கிறதாம், அதனால் சாயங்காலமே வைத்துக்கொண்டார்கள். கடல் கடந்து வந்த ஒரு பாடகி, மேளத்துக்கு அவளுடைய அண்ணன். எந்த நாடு என்று சொன்னார்கள், மறந்துவிட்டது. போஸ்டரில் ‘தொலைதூரம்’ என்று போட்டுவிட்டோம்.

மதியம் மைக் சரிபார்க்கும்போது அண்ணன்காரர் பாதி வாசிப்பிலேயே மேளத்தின் மேல் கவிழ்ந்துவிட்டார். அந்த ஏசியிலும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது தோளைப் பிடித்துப் பிசைந்துகொண்டே இருந்தார். தங்கை என்னிடம் ஓடி வந்து மூச்சுவிடாமல் ஏதோ சொன்னாள். அண்ணனைக் காட்டினாள். தன் நெஞ்சில் குத்திக்கொண்டாள். கடைசியில் இரண்டு விரல்களைக் காதுகளில் வைத்து, உள்ளங்கையை நெஞ்சில் அங்கங்கே ஒற்றிக் காட்டினாள்.

நான் முறைப்படி மாமாவிடம் அறிக்கை சமர்ப்பித்தேன்.

“மாமா, அந்தப் பொண்ணு காதுல விரல வைக்குது.”

“சவுண்டு ஜாஸ்தியா இருக்குன்னு சொல்றா. கொறைக்கச் சொல்லு.”

“அவங்க அண்ணன் வேற ஒரு மாதிரி இருக்காரு மாமா.”

“கலைஞன்னா ஒரு மாதிரிதான்டா இருப்பான். ஒழுங்கா இருந்தா அவன் ஏன் மேளம் அடிக்கிறான்? பேங்க்ல சீல் குத்திக்கிட்டு இருப்பான்.”

“போன்ல மொழிபெயர்த்துப் பாக்கலாமா? ஒரே நிமிஷம்.”

மாமா என்னைப் பார்த்த பார்வையில் கத்திரிக்கோல் தெரிந்தது. “நீயாடா? நம்ம வீட்டுப் புள்ளையாடா? அவ போனையும் வாங்கி லாக்கர்ல வை. கலை கெட்டுப்போயிடும்.”

வாங்கி வைத்தேன். கலையை நான் காப்பாற்றாமல் யார் காப்பாற்றுவது?

நிகழ்ச்சி தொடங்கியது. அரங்கம் நிறைய டாக்டர்கள். முதல் வரிசை நடுவில் சங்கத் தலைவர், பெரிய இதய நிபுணர், கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். முதல் பாட்டிலேயே மேளம் தடுமாறியது. ஒரு அடி, ஒரு பெரிய இடைவெளி, அப்புறம் அவசரமாக மூன்று அடி.

“இந்தத் தாளம் நம்ம மூளைக்கு எட்டாதுய்யா,” என்றார் பக்கத்தில் இருந்த தோல் டாக்டர்.

“இதயத் துடிப்பு மாதிரியே இல்ல?” என்றார் நிபுணர், கண்ணைத் திறக்காமலே.

மூன்றாவது பாட்டில் மேளம் நின்றேவிட்டது. அண்ணன்காரர் மெதுவாகச் சரிந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அரங்கமே நெகிழ்ந்தது. மௌனத்தை இவ்வளவு துல்லியமாக யாரும் வாசித்ததில்லை என்று பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாடகி பாட்டை விட்டாள். மைக்கைப் பிடித்து அலறினாள். “டாக்டர்! டாக்டர்! டாக்டர்!”

அந்த ஒரு வார்த்தை எல்லாருக்கும் புரிந்தது. அவ்வளவு தூரத்தில் இருந்து வந்தவள், தங்கள் சங்கத்துக்கென்றே ஒரு பாட்டை அர்ப்பணிக்கிறாளே! ஒருத்தர் பாக்கி இல்லாமல் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் அழுதாள். இன்னும் பலமாகத் தட்டினார்கள். “ஒன்ஸ் மோர்!” என்றார் ஒரு எலும்பு டாக்டர். அவள் ஒன்ஸ் மோர் அலறினாள்.

பிறகு கீழே குதித்து, நிபுணரின் சட்டையைப் பிடித்து மேடைக்கு இழுத்தாள். அவர் வெட்கப்பட்டார், “ஐயோ, எனக்கு ஆட வராதும்மா,” என்றார், ஆடினார். இடுப்பை நன்றாகவே அசைத்தார். எல்லாரும் போனைத் தூக்கினார்கள். போட்டோவுக்காக அண்ணன்காரரின் கையைப் பிடித்து உயர்த்தப் பார்த்தார்.

கை உயரவில்லை. நிபுணரின் விரல்கள், எத்தனையோ வருஷப் பழக்கம், தாமாகவே மணிக்கட்டுக்குப் போயின. இடுப்பு நின்றது. அவர் குனிந்து, மார்பில் காதை வைத்து, இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார். அதற்கும் கைதட்டல் கிடைத்தது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பயங்கர வருத்தம்.

“இத முன்னாடியே யாராவது வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா?” என்று பாடகியைக் கடிந்துகொண்டார். அவள் அண்ணனின் தலையை மடியில் வைத்திருந்தாள்.

நிபுணர் இறங்கி வந்து மாமாவின் காதில், “நான் ஆடினத மட்டும் எங்கயும் போட்டுடாதீங்க,” என்றார். மாமா தொழில்முறை ரகசியம் காப்பதாக உறுதியளித்தார்.

ஆம்புலன்ஸ் வந்தபோது டாக்டர்கள் சாப்பாட்டு அறைக்கு நகர்ந்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிய ஆள் போர்வையை முகம் வரை இழுத்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மதியத்துல இருந்தே நெஞ்சு வலி இருந்திருக்கும் போலிருக்கேப்பா. பொழைக்க வேண்டிய ஆளு. அவசரத்துக்கு ஒரு டாக்டர்கூடவா உங்களுக்குக் கெடைக்கல?”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கிளப்பைப் பற்றி அப்படி ஒரு பேச்சு வர விடலாமா?

“என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க? ஹால் பூரா டாக்டருங்கதான்,” என்றேன். “எழுந்து நின்னு கைதட்டினாங்க.”