தாய்மாமன் மீசை தப்பிய வரலாறு

சூலூர்,
9-5-1997

வெள்ளகோவில் மாப்பிள்ளை வேங்கடசாமி அவர்களுக்கு, சூலூரிலிருந்து உங்கள் மச்சான் லட்சுமணசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ராமாமணியும் குழந்தைகள் இருவரும் சுகம், தறிகளும் சுகம். அங்கே நீங்களும் என் தங்கை ரங்கநாயகியும், வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ளப் போகும் மருமகன் சைதன்யாவும் சுகமாயிருக்கப் பெருமாள் அருள் செய்ய வேண்டும். தபாலில் போட்டால் விசேஷம் முடிந்த பிறகுதான் வந்து சேரும் என்பதால், சாயங்காலம் உங்கள் ஊரிலிருக்கும் தன் அக்கா வீட்டுக்கு வரும் எங்கள் டீக்கடை முஸ்தபா கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நிற்க. மாப்பிள்ளை, என் மீசை தப்பித்துவிட்டது. அதற்கு என்ன கண்டம் வந்தது என்று கேட்பீர்கள். எல்லாம் என் வாய்க்கொழுப்பு. காலையில் என் மகள் நேஹாவைத் தூக்கி ஒரு முத்தம் கொடுத்தேன். அஞ்சு வயசுக் குழந்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குத்துதுங்கப்பா, மீசைய எடுத்துப்போடுங்க" என்றாள். நான் சும்மா சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போகாமல், "ஐஸ்பாய் ஆட்டத்துல என்ற கண்ணுல படாம ஒளிஞ்சு காட்டு கண்ணு, அப்பறம் எடுத்துப்போடறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். உடனே பெரியவன் ரவிதேஜா நடுவராக நியமனம் பெற்றுக்கொண்டான், அவனை அவனே நியமித்துக்கொண்டான் என்று வையுங்கள். ஓடுகிற தறிப்பக்கம் போகக்கூடாது, தெருவுக்குப் போகக்கூடாது, பட்டறைக்கு முஸ்தபா டீ கொண்டுவருவதற்குள் அப்பா கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மீசை போச்சு. நம் வீட்டில் கொஞ்சுவது, திட்டுவது எல்லாம் தெலுங்கில் நடந்தாலும் ஆட்டத்துச் சட்டம் மட்டும் எப்போதும் தமிழில்தான், அதனால் அப்பீலுக்கும் வழியில்லை.

சுவரைப் பார்த்து எண்ணி முடித்துத் திரும்பிய பிறகுதான் எனக்கு உங்கள் வீட்டு விசேஷம் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சபை நடுவே நான் மாமன் என்று உட்கார வேண்டும், நீங்கள் வேறு திருப்பூரிலிருந்து வீடியோக்காரரை ஏற்பாடு செய்திருக்கிறீர்கள், மீசையில்லாத மாமன் மடியில் காது குத்தினால் நம் சனம் அந்தக் கேசட்டைப் போட்டுப் போட்டுச் சிரிக்கும். சரி, இத்தனூண்டு பெண்ணைத் தேடுவது பெரிய காரியமா என்று கட்டிலுக்கு அடியில் தலையை விட்டேன், அங்கே அவள் இல்லை, கட்டில் சட்டம் இருந்தது, நெற்றி வீங்கியது. அடுப்படிக்குப் போய் ராகி மாவு டின்னுக்குப் பின்னால் எட்டிப் பார்த்ததில் டின் என்மேல் சாய்ந்தது. ராமாமணி கேட்டாள்: "ஏனுங்க, அம்மணிதான் ஒளிஞ்சிருக்குது, நீங்க எதுக்குங்க வேசம் போட்டுட்டு நிக்கறீங்க?" அவள் எந்தக் கட்சி என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

குரலை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் தறிச்சத்தத்தில் பக்கத்தில் வெடி வைத்தாலும் கேட்காது, நேஹாவோ ஒளிந்தால் சிரிப்பை அடக்கத் தெரியாதவள், ஆனால் அந்தச் சத்தம் அவளுக்குக் காவல். எங்கள் பட்டறையில் எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். தறி ஓட்டும் குழந்தையம்மாளிடம், பாப்பா எங்கே என்று உள்ளங்கையை இடுப்பு உயரத்துக்குக் காட்டிக் கேட்டேன். அந்தம்மா கொஞ்சமும் யோசிக்காமல் மேலே, துணி அறைப் பரணைக் காட்டியது. எத்தனை வருசமாய் என்னிடம் வேலை செய்கிறது, பொய் சொல்லுமா? ஏணி வைத்து ஏறினேன். பரணில் உடைந்த தொட்டிலும் போன தீபாவளி அட்டைப்பெட்டிகளும் இருந்தன, மகள் இல்லை. திரும்பினால் என் கால் பட்டு ஏணி சரிந்துவிட்டது. வாயால் கத்தினால் யாருக்கும் கேட்கவில்லை. கையால் கூப்பிட்டால், கதவு வழியே தெரிந்த குழந்தையம்மாள் தறியை விட்டு வர முடியாது என்று மரியாதையாகக் கையைக் காட்டிவிட்டது. கீழே ரவிதேஜா வந்து நின்று வாயருகே டம்ளர் பிடிப்பதுபோல் காட்டினான். சன்னல் வழியே பார்த்தேன், முஸ்தபாவின் டிவிஎஸ் வண்டி டீத் தூக்கோடு எங்கள் சந்தில் திரும்புகிறது. மாப்பிள்ளை, அப்போது நான் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் வந்தது நிசம்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. எல்லாத் தறியும் ஒரேயடியாக நின்றது. காது அடைத்ததுபோல் ஒரு அமைதி. அந்த அமைதியில், எனக்கு நேர் கீழே, மடித்துப் போட்ட துணிக் குவியலுக்குள்ளிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. அப்பா பரணில் மாட்டிக்கொண்டதைப் பார்த்து அவ்வளவு நேரமும் சிரித்திருக்கிறது கழுதை. ராகி மாவு உதிர உதிரப் பரண் விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன், ஒரு சின்னக் கட்டைவிரல் வெளியே ஆடியது. "ஐஸ்பாய் நேஹா" என்று நான் போட்ட சத்தத்தில் முஸ்தபா வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். ஜெயித்துவிட்டேன் மாப்பிள்ளை. கரண்ட் போனால் தினமும் திட்டுகிறவன், இன்றைக்கு மெயின் பெட்டிக்கு விபூதி பூசிக் கும்பிட்டேன். பட்டறையில் எல்லோருக்கும் டீயோடு வடையும் என் செலவு. நேஹாவைத் தோளில் வைத்துக்கொண்டு, மீசைக்கு எண்ணெய் போட்டு முறுக்கி, எங்கள் சந்து முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ஆகவே வீடியோக்காரரிடம் சொல்லி வையுங்கள், காது குத்தும்போது லைட் கொஞ்சம் மாமன் மூக்குக்குக் கீழேயும் விழட்டும்.

ரங்கநாயகிக்கு என் அன்பு. சைதன்யாவுக்கு ஆயுசும் படிப்பும் பெருகட்டும். மாமனைப்போல் முகத்தில் களை வளரட்டும்.

இப்படிக்கு,
மீசையுள்ள மச்சான்
லட்சுமணசாமி

பி.கு.: கவரை ஒட்டுமுன் இதை ராமாமணி வாங்கிப் படித்துவிட்டாள். "கரண்ட் போனா ஆட்டமும் நிக்கோணுமல்லங்க?" என்றாள். மழை வந்தால் கிரிக்கெட்டை நிறுத்துகிறார்கள், தறி நின்றால் ஐஸ்பாயும் நின்றதுதான் என்று ரவிதேஜா தீர்ப்பு சொன்னான், பட்டறை முழுக்கக் கை தூக்கி ஆமோதித்தது. கரண்ட் வந்த பிறகு மறுஆட்டம். தோற்றுவிட்டேன். மத்தியானமே மீசையை எடுத்துப்போட்டேன். முத்தம் கொடுக்கலாமென்று ஆசையாக நேஹாவிடம் போனேன். என்னைப் பார்த்ததும், "இது ஆருங்கம்மா?" என்று ராமாமணி சேலைக்குள் புகுந்துகொண்டாள். குரல் கொடுத்தும் நம்பவில்லை. "என்ற அப்பாவ வரச் சொல்லுங்க" என்று இன்னும் அழுகிறாள், என் கையால் ஒரு வாய்ச் சோறு வாங்கவில்லை. உங்கள் ஊரில் நாடகம் போடுகிறவர்களிடம் நல்ல ஒட்டுமீசை ஒன்று வாங்கி முஸ்தபாவிடமே கொடுத்தனுப்புங்கள். சபைக்காகக் கேட்கவில்லை மாப்பிள்ளை, அங்கே நான் எப்படியும் உட்கார்ந்துகொள்வேன். இவள் என்கிட்டே வர வேண்டும்.