பாறணைக்குக் காத்திருந்த பாஸ் மீன்

மொன்றியலில் வாழ்ந்த தமிழர்களிலேயே கந்தசஷ்டி விரதத்தையும் மீன்பிடியையும் ஒரே வாரத்தில் நடத்திய ஆள் ரப்பர் அண்ணை ஒருவர்தான். வேறு யாராவது இருந்தால் எழுதிப் போடுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிடித்த மீனையும் விரதம் முடியட்டும் என்று காக்கவைத்தவர் உலகத்தில் வேறு எவரும் இல்லை. அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் நான், செல்வம், ரப்பர் அண்ணை என்று மூன்று பேர் இருந்தோம். அண்ணைக்கு நாற்பது வயதிருக்கும். ஜான்-டலோன் சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் பெட்டி இறக்கும் வேலை. அவருடைய சட்டைப் பை, தலையணைக் கீழ், தேயிலைப் பேணி என்று எங்கே கையை விட்டாலும் தூண்டிலில் கொளுவுகிற ரப்பர் புழு ஒன்று வரும். ஒருநாள் செல்வத்தின் சாப்பாட்டுப் பெட்டிக்குள்ளும் ஒன்று போய்விட்டது. அவன் போட்ட சத்தத்தில் தொழிற்சாலையில் மெஷினையே நிறுத்திவிட்டார்களாம். அன்றிலிருந்து அவர் ரப்பர் அண்ணை.

மனிதருக்கு ஓரிடத்தில் நிற்க வராது. மெற்றோ வருவதற்குள் மேடையை இரண்டு தரம் அளந்துவிடுவார். அடுப்பில் பருப்பு இருந்தால் கிண்டிக் கிண்டிப் பசையாக்கிவிடுவார். அவர் தொலைக்காட்சி பார்த்தால் நாங்கள் அவருடைய முதுகைத்தான் பார்க்க வேண்டும். காரணம் எங்களுக்குத் தெரியும், அதனால் வாயைத் திறக்கமாட்டோம். அவருடைய மனைவி கமலா அக்கா நான்கு வருடமாகக் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் கனடா விசாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். விசா அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவார்கள், பதில் வராது. பதில் வந்தால் இன்னொரு படிவம் கேட்டு வரும்.

இந்தப் பதற்றத்துக்கு யாரோ சொன்ன வைத்தியம்தான் மீன்பிடி. நகரத்தின் வடக்கு விளிம்பில் பிரேரி ஆறு ஓடுகிறது. பஸ் பிடித்து அங்கே போய், கரைக் கல்லில் நின்று, பாஸ் மீனுக்குத் தூண்டில் எறிவார். வைத்தியம் நோயைவிட மோசமாகப் போனது. அதுவரை சும்மா நடந்து திரிந்தவர் இப்போது விளக்கம் சொல்லிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

கோடையில் எந்த விசரனும் பாஸ் பிடிப்பான், ஆளைத் தெரிவது இலை உதிரும்போதுதான் என்பார். செப்டெம்பரில் குஞ்சு மீன்கள் கரைப்பக்கம் ஒதுங்குமாம், பாஸ் அவற்றைத் துரத்திக்கொண்டு வருமாம். அப்போது பளபளவென்று சுழல்கிற தகட்டை எறிந்து, குஞ்சு மீன் பயந்து ஓடுவதுபோல விறுவிறுவென்று சுற்றி இழுக்க வேண்டும். ஒக்டோபர் கடைசியில் தண்ணீர் குளிர்ந்துவிடும். மீன் ஆழத்துக்குப் போய்க் கல்லுக்குப் பக்கத்தில் சோம்பிக் கிடக்கும், துரத்தாது. அப்போதுதான் ஈயத் தலை வைத்த ரப்பர் புழு. அடிவரை தாழவிட்டு, ஒரு சாண் இழுத்து, நிறுத்தி, பத்து எண்ணி, மறுபடி ஒரு சாண். தண்ணீர் தெளிவென்றால் மண்ணிறப் புழு, கலங்கல் என்றால் கறுப்பு. செல்வம் பல் துலக்கும்போதுகூட இதைக் கேட்டிருக்கிறான்.

பாடம் எல்லாம் சரி. பத்து எண்ணுவதுதான் அவரால் முடியாத காரியம். மூன்றிலேயே கை இழுத்துவிடும். அடுத்த கல்லில் ஒரு பிரெஞ்சுக் கிழவர் மீன் பிடிப்பார். அவர் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் “லாந்த்மான், லாந்த்மான்” என்று கையை அமத்திக் காட்டுவார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அண்ணை தலையாட்டி “மெர்சி” சொல்லிவிட்டு இன்னும் வேகமாக இழுப்பார். கோடையில் எப்படியோ அகப்படும், செப்டெம்பரிலும் அகப்படும். இலை கொட்டத் தொடங்கியபிறகு நான்கு வருடத்தில் ஒரு பாஸ்கூட அவர் புழுவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நாலாவது வருடத்தில்தான் கடிதம் வந்தது. கமலா அக்காவுக்குக் கொழும்பில் விசா நேர்முகம். நாள் பார்த்தால் கந்தசஷ்டியின் நாலாம் நாள். அண்ணை உடனே முடிவெடுத்தார்: ஆறு நாளும் ஒருநேரம் பாலும் பழமும் மட்டும், ஏழாம் நாள் பாறணைக்குத்தான் சோறு, வேலைக்கு லீவு. சாப்பாடும் இல்லை, வேலையும் இல்லை என்றால் அந்த இரண்டு கைகளும் என்ன செய்யும்? முதல் நாளே தூண்டிலை எடுத்துவிட்டார். செல்வம் வாசலில் மறித்துக்கொண்டு, விரதக்காரன் மீன் பிடிக்கிறதாவது என்று கேட்டான்.

“நான் கொல்லேல்லையடா, பிடிக்கிறன். கொளுவுறதும் ரப்பர், அதுக்கும் உயிரில்லை. முருகனுக்கு இது விளங்கும், உனக்குத்தான் விளங்காது” என்றார் அண்ணை.

மூன்றாம் நாள் மத்தியானம், மறுநாள் நேர்முகம் என்ற நிலையில், அண்ணை ஆற்றங்கரையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். கொழும்பு பத்தரை மணித்தியாலம் முன்னால். அந்த அரை மணித்தியாலம் அவரை எப்போதும் குழப்பும். இப்போது அங்கே இரவு, சேலையை மினுக்கி மடித்து வைத்திருப்பாளா, போட்டோக்களை எடுத்து வைத்திருப்பாளா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே நின்றதில் தூண்டிலை மறந்துபோனார். புழு ஆற்றின் அடியில் அசையாமல் கிடந்தது. பத்து என்ன, நூறு எண்ணியிருக்கலாம். அப்போதுதான் இழுத்தது.

நான்கு இறாத்தல் பாஸ். சந்தையில் ஊறுகாய் வந்த வெள்ளை வாளிக்குள் தண்ணீரோடு போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். பஸ் முழுக்க எழும்பி நின்று பார்த்ததாம். வீட்டுக்கு வந்து நேரே குளியலறைக்குப் போய்த் தொட்டிக்குள் விட்டார்.

செல்வத்துக்கு ஒரு பக்கம் நாக்கு ஊறுகிறது, ஒரு பக்கம் பக்தி. விரத வீட்டுக்குள் மச்சம், அசைவம், வரலாமா என்றான். அண்ணை கொஞ்சமும் அசரவில்லை. “உயிரோட இருக்குமட்டும் அது மச்சமில்லை, சீவன். சூரன்போர் முடிஞ்சு பாறணை வரட்டும், பேந்து மச்சமாக்கலாம்” என்றார். அவரோடு வாதாடி வென்றவன் இந்த ஊரில் இல்லை.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. குழாய்த் தண்ணீரில் மருந்து இருக்கிறது, மீனுக்கு ஆகாது, ஒருநாள் ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்லி எங்கள் சட்டி பானை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தார். சோறு காய்ச்சப் பானை இல்லை. மீனுக்குக் குளிர் வேண்டும் என்று குளியலறை ஜன்னலைத் திறந்து விட்டார். மூச்சுக்குக் காற்று வேண்டும் என்று ஒரு தகரப் பேணியால் தொட்டித் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தார். விரதக்காரர் காலையில் தோய்ந்து குளிக்க வேண்டுமே, அதைக் குசினிக் குழாயின் கீழ் தலையை விட்டு முடித்தார். நானும் செல்வமும் கீழ்மாடிக் கிரேக்கக் குடும்பத்திடம் குளியலறை இரவல் கேட்டோம். ஏன் என்று கேட்டார்கள். எங்களுடையதில் மீன் இருக்கிறது என்றோம். மறுநாள் போனபோது அவர்கள் கதவைத் திறக்கவில்லை.

நேர்முகம் முடிந்ததும் கமலா அக்கா தொலைபேசி எடுப்பதாக ஏற்பாடு. அங்கே பின்னேரம் என்றால் எங்களுக்குக் காலை. நாலாம் நாள் காலையில் அண்ணை தொலைபேசிக்கும் தொட்டிக்கும் இடையில் நடந்தார். மணி அடிக்கவில்லை. ஐந்தாம் நாளும் அடிக்கவில்லை. லைன் கிடைத்திருக்காது என்று நான் சொன்னேன். சொல்லும்போது எனக்கே நம்பிக்கை இல்லை. விசா மறுத்திருந்தால் அந்த அக்கா எந்த முகத்தோடு எடுப்பார் என்று மூவருமே நினைத்தோம். புளியும் கறிவேப்பிலையும் வாங்கி வைத்திருந்த செல்வம் தானாகவே பேணியை வாங்கித் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தான்.

ஆறாம் நாள் விடிந்தது. குளியலறையில் சத்தமில்லை. எட்டிப் பார்த்தேன். அண்ணை தொட்டி விளிம்பில் குந்தியிருந்தார். மீன் இந்த முனைக்குப் போய், முட்டி, திரும்பி, அந்த முனைக்குப் போய்க்கொண்டிருந்தது.

“மூண்டு நாளா உது இப்பிடித்தான் ஓடுது. கொல்லவும் இல்லை, விடவும் இல்லை. ஒரு முடிவும் சொல்லாம வைச்சிருக்கிறன். கமலாவையும் இப்பிடித்தானேடா வைச்சிருக்கிறாங்கள்” என்றார்.

பாறணைக்கு ஒருநாள்தான் இருக்கிறது என்று செல்வம் சொல்வான் என்று பார்த்தேன். அவன் போய் வெள்ளை வாளியைக் கழுவிக்கொண்டு வந்தான். மணி எட்டு இருக்கும். இரண்டு காலை அடிக்காத மணி இனி அடிக்கப் போகிறதா என்று சொல்லிவிட்டு அண்ணை மீனும் வாளியுமாகப் படியிறங்கினார். செல்வம் வேலைக்குப் போனான்.

அரை மணித்தியாலம் கழித்துத் தொலைபேசி அடித்தது.

“தம்பி, அவர் நிக்கிறாரே?”

“இல்லை அக்கா, ஆத்துக்குப் போட்டார். மீனை விட.”

என்ன மீன் என்று கேட்டார். நான் விளக்கத் தொடங்கி, பாதியில் அது விளக்கக்கூடிய கதை இல்லை என்று விட்டுவிட்டேன். தன்னை இரண்டு நாள் திரும்பத் திரும்ப வரச்சொன்னார்களாம். சொல்ல ஒரு பதிலும் இல்லாமல் எப்படித் தொலைபேசி எடுப்பது என்று பேசாமல் இருந்தாராம்.

“இண்டைக்குத் தந்திட்டினம் தம்பி. நான் வாறன் எண்டு சொல்லுங்கோ. குளிர்ச் சட்டை இஞ்சை வாங்கிறதோ, அங்கை வாங்கிறதோ எண்டும் கேளுங்கோ.”

லைன் அறுந்துவிட்டது. நான்கு வருடம் அந்த மனிதர் காத்திருந்த வார்த்தை, ஒரு சம்பந்தமும் இல்லாத என் காதில் விழுந்திருக்கிறது. அண்ணை திரும்பி வரும்வரை அதை வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. செருப்போடு ஓடிப் போய் பஸ் ஏறினேன். ஆற்றங்கரையில் அவர் கல்லில் நின்றார், வாளி காலியாக இருந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. “அக்காவுக்கு விசா கிடைச்சிட்டுது அண்ணை” என்றேன்.

அவர் ஈரக் கல்லிலேயே உட்கார்ந்தார். முகத்தைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் அழுதார். பக்கத்துக் கல்லில் இருந்த பிரெஞ்சுக் கிழவர், மீன் தப்பிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, வந்து முதுகைத் தட்டிவிட்டுப் போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் வாய் திறந்தார். “அவ என்ன சொன்னவ? அவ சொன்ன மாதிரியே சொல்லு” என்றார். சொன்னேன். தந்திட்டினம், நான் வாறன், குளிர்ச் சட்டை எங்கே வாங்குவது, எல்லாம் சொன்னேன். ஒரு பஸ் தரிப்பு கடந்ததும் மறுபடி கேட்டார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பதினொரு தடவை கேட்டார். பதினொரு தடவையும் அப்போதுதான் தொலைபேசியை வைத்தவன்போல முதலிலிருந்து சொன்னேன்.